கர்னூலுக்குப் பதில் மதுரை

2003இல் தெலுங்கில் வந்த 'ஒக்கடு' படத்தில் ஹைதராபாத்திலிருந்து ஒரு கபடி ஆட்டக்காரன் கர்னூலுக்குப் போவான். அங்கே கொண்டாரெட்டி புருஜு என்கிற பழைய கோட்டைக் கொத்தளத்துக்கு முன்னால், ஒரு பெண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பவனை அடித்துப் போட்டுவிட்டு அவளைத் தன் ஊருக்குக் கூட்டி வந்துவிடுவான். அடுத்த வருடமே தரணி அதைத் தமிழில் 'கில்லி' ஆக்கினார். ஹைதராபாத் சென்னை ஆனது. சார்மினார் கலங்கரை விளக்கம் ஆனது. கர்னூல் மதுரை ஆனது. முதல் இரண்டுக்கும் காரணம் கேட்கத் தோன்றாது. மூன்றாவதைப் பற்றி இருபது வருடமாக யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 2024இல் 'கில்லி' மறுவெளியீடாகி அரங்குகள் அதிர்ந்தபோதும் கேட்கவில்லை.

தெலுங்கு சினிமாவில் கர்னூல் என்பது வெறும் ஊர்ப்பெயராக இருக்கவில்லை. 1999இல் வந்த 'சமரசிம்ஹா ரெட்டி'யின் வெற்றிக்குப் பிறகு ராயலசீமை என்றால் வரிசையாக வரும் டாட்டா சுமோ, நாட்டு வெடிகுண்டு, தலைமுறைப் பகை என்று ஒரு வாய்பாடே உருவாகிவிட்டது. குடும்பப் பகையில் ஊர்கள் இரண்டுபட்டுக் கிடந்த சரித்திரம் அங்கே நிஜமாகவே உண்டு என்பதால் அந்த வாய்பாட்டுக்கு ஏதோ ஒரு தரை இருந்தது. (ராயலசீமைக்காரர்களுக்கு இதில் ஏகப்பட்ட வருத்தம் உண்டு. அது தனிக் கட்டுரை.) கதையைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது அந்தத் தரை கூடவே வராது. ஆனால் கதைக்கு ஒரு கெட்ட ஊர் வேண்டும். நிரல் எழுதிப் பிழைப்பவனுக்கு இது தினப்படி வேலை: சூத்திரத்தைத் தொட வேண்டாம், மாறியின் மதிப்பை மட்டும் மாற்று. கர்னூல் இருந்த இடத்தில் மதுரை என்று அடித்தார்கள், படம் ஓடியது. ஓடுகிற நிரலில் யாரும் கை வைக்க மாட்டார்கள் இல்லையா, அதனால் அந்த மதிப்பு அப்படியே நின்றுவிட்டது.

பிறகு வந்தவற்றைப் பெயர் பெயராகச் சொல்ல வேண்டியதில்லை. 'மதுரை சம்பவம்', 'கோரிப்பாளையம்', 'தூங்காநகரம்' எனத் தலைப்பிலேயே ஊரை வைத்துக்கொண்ட படங்களே ஒரு வரிசைக்கு இருக்கின்றன. 'சண்டக்கோழி'யில் மதுரை நல்லவர் பக்கம் நிற்கும், அருவாள் மட்டும் அதேதான். இதன் பலன் எங்கள் தலைமுறைக்குக் கிடைத்தது. வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், "மதுரையா? பாஸ், உங்க வீட்ல அருவா இருக்குமா?" என்று கேட்காத ஆளில்லை. அம்பது தடவை கேட்ட பிறகு நானும், "ஒண்ணு இருக்கு, தேங்காய் வெட்ட" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். ஆண்களுக்கு இது பெரிய கஷ்டமும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கெத்துதான். "நாங்கல்லாம் மதுரைக்காரய்ங்க" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கெத்துக்கான விலையைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் படங்கள் காட்டுகிற மதுரை எது என்று முதலில் பார்க்கலாம். கோபுரம், மாசி வீதிகள், டவுன்ஹால் ரோடு, விளக்குத்தூண், ஆற்றுப்பாலம், அதைத் தாண்டினால் கோரிப்பாளையம். ஒரு மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். ஊரிலேயே மிக நெரிசலான, ஊரே சாப்பிடவும் துணி எடுக்கவும் படம் பார்க்கவும் வருகிற பகுதி இதுதான். ஆகவே 'மதுரைப் படம்' என்பது ஓர் ஊரின் குணத்தைப் பற்றிய பொதுவான பேச்சு மட்டும் இல்லை. குறிப்பிட்ட ஒரு நகர மையத்தில் ராத்திரி நேரத்தில் கால் வைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பற்றிய அறிக்கையும்கூட. பொதுப் பாதுகாப்பு குறித்த அறிக்கை அது. அறிக்கை என்று எடுத்துக்கொண்டால் அதைச் சரிபார்க்கவும் செய்யலாம்.

வேடிக்கை என்னவென்றால், மதுரையை வைத்து எடுத்தவற்றில் நல்ல படங்கள் இந்த அறிக்கையை ஏற்பதே இல்லை. பாலாஜி சக்திவேலின் 'காதல்' வெளியானதும் 'கில்லி' வந்த அதே 2004தான். அதில் தெரு எப்படி இருக்கிறது? மெக்கானிக் கடை இருக்கிறது, டீ இருக்கிறது, வண்டி ஓட்டிப் பழகும் பெண் இருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கும் பையனுக்கும் தெருவில் ஒரு கீறல்கூட விழுவதில்லை. ஆபத்து அவளுடைய வீட்டுக்குள் இருக்கிறது. சாதியும் பணமும் உள்ள, வாசலில் பந்தல் போட்டு விசேஷம் நடத்துகிற, ஊரில் நல்ல பெயருள்ள வீடு அது. அவர்கள் உயிர் பிழைக்கத் தெருவுக்குத்தான் ஓடி வருகிறார்கள், அங்கிருந்து சென்னைக்கு. திரும்ப அழைத்து வரப்படும்போது நடப்பதும் பொதுவெளியில் நடக்கும் ரவுடித்தனம் இல்லை, குடும்பத்தார் கூடி நடத்தும் காரியம். தென்மாவட்டங்களில் ஒரு இளம்பெண்ணின் உயிருக்கு எங்கிருந்து ஆபத்து வரும் என்பதில் 'காதல்' சொன்னது சரி, 'கில்லி' சொன்னது பிசகு. முத்துப்பாண்டிகள் பட்டப்பகலில் கோயில் வாசலில் பெண்ணை இழுத்துக்கொண்டு திரிவதில்லை. அவர்களுக்கு அதற்கு அவசியமே இல்லாதபடி வீடுகள் பார்த்துக்கொள்கின்றன.

'சுப்ரமணியபுரம்' (2008) இன்னும் நுட்பமானது. சசிகுமார் கதையை 1980இல் வைத்தார். திருவிழா, சவுண்ட் சர்வீஸ், 'முரட்டுக்காளை' வெளியான தியேட்டரின் கூச்சல் என அந்தப் படத்தின் தெரு வாழ்க்கை முழுக்க கூட்டத்தால் ஆனது. அழகரும் பரமனும் வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறார்கள், அடிதடிக்குப் போகிறார்கள், உள்ளே போய் வருகிறார்கள். ஆனால் அவர்களைக் கொலைகாரர்களாக ஆக்குவது அந்தத் தெரு இல்லை. எதிர்வீட்டு முன்னாள் கவுன்சிலர் குடும்பத்துக்குப் போன பதவி திரும்ப வேண்டும், அதற்கு ஒரு கை வேண்டும். வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிடுகிறார்கள். வன்முறைக்கு ஒரு முதலாளி இருக்கிறார், ஒப்பந்தம் இருக்கிறது, பாக்கி இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த நகல்கள் தாடியையும் பெல்பாட்டத்தையும் கழுத்தறுப்பையும் எடுத்துக்கொண்டன, கவுன்சிலர் வீட்டை விட்டுவிட்டன. அரசியலை எடுத்துவிட்டால் மிச்சம் 'அந்த ஊர்க்காரனுங்களே அப்படித்தான்' என்பது மட்டும்தான்.

அரசியலை எடுத்துவிட்டுப் பார்க்க முடியாத சம்பவங்கள் ஊரில் இல்லாமல் இல்லை. 2007 மே 9 அன்று மதுரையில் ஒரு நாளிதழ் அலுவலகம் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. உள்ளே இருந்த ஊழியர்கள் மூவர் இறந்துபோனார்கள். காரணம், யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று அந்தப் பத்திரிகை வெளியிட்ட ஒரு கருத்துக்கணிப்பு. பெயருக்காக நடந்த வன்முறை என்றால் இதுதான். பத்து வருடம் மதுரையைச் சுற்றிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்த தமிழ் சினிமா இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணிச்சல் எல்லாம் பெயரில்லாத பரமன்களிடம்தான்.

இந்த விஷயத்தை நேருக்கு நேர் பார்த்தது கார்த்திக் சுப்புராஜின் 'ஜிகர்தண்டா' (2014) ஒன்றுதான். ஓர் இளம் இயக்குநருக்கு ரத்தமும் சதையுமான கேங்ஸ்டர் படம் எடுத்துத் தரச் சொல்லி உத்தரவு. அவன் மூலப்பொருள் தேடி வரும் ஊர் மதுரை. வேறு எந்த ஊருக்கு வருவான்? அசால்ட் சேது தன்னைப் பற்றி எழுதிய பத்திரிகைக்காரரை எரித்துக் கொன்றவன். பெயர்தான் அவனுடைய முதல், வட்டி எல்லாம். அவனை வைத்து எடுத்த படம் திரையில் ஓடும்போது ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஒரே காட்சியில் முதல் கரைந்துவிடுகிறது. படத்தின் கடைசிப் பகுதி கொஞ்சம் சாமர்த்தியமாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். ரவுடி நடிகனாகிறான், இயக்குநன் ரவுடியாகிறான் என்று கணக்கைச் சரிக்கட்டுவதில் ஒரு புத்திசாலிப் பையனின் சந்தோஷம் தெரிகிறது. ஆனாலும் ரவுடியின் பெயரும் ஊரின் பெயரும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன, இரண்டுக்கும் பார்வையாளர்கள் வேண்டும் என்பதை அது பிடித்துவிட்டது. சேது ஜெயிப்பதும் தோற்பதும் தியேட்டருக்குள்தான்.

அந்தத் தியேட்டர்களைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரின் ராத்திரியைப் பேச முடியாது. 1937இல் 'சிந்தாமணி' படம் ஓடிய ஓட்டத்தின் லாபத்தில் சிந்தாமணி டாக்கீஸ் கட்டினார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1952இல் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2500க்கும் மேல் இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள், ஆசியாவை அளந்து பார்த்தது யார் என்று நாங்கள் கேட்டதில்லை. சென்ட்ரல், இம்பீரியல், மீனாட்சி, ரயில் நிலையத்துக்கு அருகே ஆங்கிலப் படம் ஓடும் ரீகல். எல்லாமே சிறு வட்டத்துக்குள். ரெண்டாம் ஆட்டம் விட நள்ளிரவு தாண்டும். ஒரு தியேட்டரிலிருந்து மட்டும் இரண்டாயிரம் பேர் வெளியே வந்தால் என்ன ஆகும்? இட்லிச் சட்டி ஆவி பறந்துகொண்டிருக்க வேண்டும். பரோட்டாக் கல் சூடாக இருக்க வேண்டும். பருத்திப்பால் வண்டிக்காரர் நிற்க வேண்டும். ரிக்‌ஷாக்காரர்கள் தூங்காமல் இருக்க வேண்டும். தூங்காநகரம் என்ற பெயரின் பின்னால் இருந்த இயந்திரம் இதுதான்.

எங்கள் அம்மாவும் சித்திகளும் கல்யாணத்துக்கு முன்னால் ரெண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு நடந்தே வீடு திரும்புவார்களாம். ஆறேழு பெண்கள், கூட ஒரு தாத்தா, அவருக்கு ராத்திரியில் கண் தெரியாது. "பயமா இல்லையாம்மா?" என்று கேட்டால், "பயப்படுறதுக்கு எங்கடா எடம் இருந்துச்சு, ரோடு முழுக்க ஆளு" என்பார். அமெரிக்க நகரங்களைப் பற்றி ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் ஒரு முழுப் புத்தகம் எழுதி நிறுவியதை அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார். தெருவின் பாதுகாப்பை முதலில் காப்பது தெருவில் இருக்கும் ஆட்களும் கடைகளும் திறந்த ஜன்னல்களும்தான், போலீஸ் அதற்கப்புறம்.

தங்கமும் சிந்தாமணியும் இடிக்கப்பட்டன, அந்த இடங்களில் ஜவுளிக்கடைகள் எழுந்தன. வெளியூர்ப் பேருந்துகள் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டன. புது அரங்குகள் வணிக வளாகத்துக்குள், கார் நிறுத்துமிடத்துக்கு மேலே இருக்கின்றன. படம் விட்டால் ஜனம் மின்தூக்கியில் இறங்கி வண்டியெடுத்துப் போய்விடும், தெருவில் ஒரு காலடிகூட விழாது. ஜவுளிக்கடை பகலில் கூட்டம் சேர்க்கும், ராத்திரி ஷட்டரை இறக்கிவிடும். மதுரையின் தெருக்கள் திரையில் பயங்கரமாக ஆனதும், நிஜத்தில் ராத்திரி ஆளொழிந்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலாவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டோம்.

இந்த ஊரின் இரவைப் பற்றிய மிகப் பழைய ஆவணம் மதுரைக்காஞ்சி. மாங்குடி மருதனார் 782 அடியில் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமை சொல்ல வந்தவர், சொல்லவந்ததை மறந்துவிட்டாரோ என்று தோன்றும் அளவுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவார். பகலில் நாளங்காடி, மாலையில் அல்லங்காடி. இரவுச் சந்தையின் சத்தத்தைக் கூடடையும் பறவைகளின் சத்தத்தோடு ஒப்பிடுவார். இரவை யாமம் யாமமாகப் பிரித்துக் காட்டும் இடம்தான் எனக்குப் பிடித்தது. கடைகள் அடைக்கும் நேரத்தில், தேன்கூடு போன்ற அடை சுட்டு விற்றவர்கள் தங்கள் பண்டங்களோடு அப்படியே தூங்கி விழுகிறார்கள். மூன்றாம் யாமத்தில் கள்வர்கள் வருகிறார்கள். கறுப்பு உடை, வாள், நிலத்தைத் தோண்ட உளி, இடுப்பில் சுற்றிய நூலேணி வரை எழுதுகிறார். அவர்களை எதிர்பார்த்து ஊர்க்காவலர் சுற்றுகிறார்கள். மழை கொட்டித் தெருவில் தண்ணீர் ஓடும் பாதி ராத்திரியிலும் அவர்கள் சுற்று தவறுவதில்லை.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், கள்வன் இருப்பதை மருதனார் மறைக்கவில்லை, அதனால் ஊரைக் கள்வர் ஊர் என்று சொல்லவும் இல்லை. அடை விற்பவன், பரத்தை, கருவுற்ற பெண், கள்வன், காவலன், அலையும் பேய் எல்லோருக்கும் அந்த இரவில் இடமுண்டு. அரசனைப் புகழ வந்த பாட்டில் ஊரின் திருட்டையும் எழுதலாம் என்ற நம்பிக்கை அந்தக் காலத்துக்கு இருந்திருக்கிறது. இன்றைக்கு மாநகராட்சி விழா மலரில் எழுதிவிட முடியுமா?

ஆனால் பெயர் கொல்லும் என்பதும் இதே ஊரின் கதைதான். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை 'ஊழ்வினை' என்று பள்ளியில் படித்துத் தள்ளிவிட்டோம். அதை ஒரு காவல் நடவடிக்கையின் விவரமாகப் படித்துப் பாருங்கள், முதுகு சில்லிடும். அரசன் ஆணையோடு வந்த காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். அதாவது, கண்ணால் கண்டதை நம்பப் பார்க்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். கள்வர்களின் வழிமுறைகள் எட்டு என்று அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. தோற்றத்தை நம்பாதீர்கள், தெரியாத மாதிரிதான் இருப்பார்கள் என்பது அதன் சாரம். உடனே ஓர் இளைஞன் தான் முன்பொரு ராத்திரி கள்வனிடம் வாளைப் பறிகொடுத்த கதையைச் சொல்கிறான். கதை கேட்ட பிறகு ஊரில் யாரும் கள்வனாக இருக்கலாம். குடித்திருந்த ஒருவன் வாளை வீசுகிறான். கோவலனிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிறகு நடந்ததில் ஊரே எரிந்தது.

2025 ஜூன் கடைசியில் மதுரைக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், கோயில் காவலாளியான ஓர் இளைஞர் நகை காணாமல் போன புகாரில் போலீஸாரால் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அடிபட்டு இறந்துபோனார். ஐந்து போலீஸார் கைதானார்கள், வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது, சி.பி.ஐ.க்குப் போனது. மறுபடி ஒரு நகை, மறுபடி ஒரு சொல். இதைச் சிலம்போடு ஒப்பிட்டு அன்று எழுதாதவர்கள் இல்லை. அவர்கள் பெரும்பாலும் நகையைப் பார்த்தார்கள். நான் அந்த எட்டு வழிமுறைகளைப் பார்க்கிறேன். 'நம்ம பக்கத்து ஆளுங்கள அடிச்சாத்தான் உண்மை வரும்' என்பதை வெறும் காக்கிச்சட்டையின் நம்பிக்கையாக மட்டும் பார்க்க முடியாது. தென்மாவட்டத்துக்காரன் என்றால் இப்படித்தான் என்று இருபது வருடம் டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்களின் நம்பிக்கையும்தான். 'மதுரைப் படங்கள்' யாரையும் கொல்லவில்லை. பொற்கொல்லன்கூட வாளைத் தொடவில்லை.

பெயரின் இன்னொரு பயன் கடைகளை அடைப்பது. எங்கேயாவது வெட்டுக்குத்து நடந்துவிட்டால் அடுத்த வாரம் பதினோரு மணிக்கே லத்தி ஷட்டரைத் தட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019இல் ஆணை போட்டது, பிறகு நீட்டித்தது. பெண் ஊழியர்களை எட்டு மணிக்கு மேல் வேலை வாங்க அவர்களுடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. காகிதத்தில் ஊர் தூங்காமல் இருக்கலாம். தள்ளுவண்டியில் ஆம்லெட் போடுகிறவரிடம் பத்து ஊழியர்கள் கிடையாது. ராத்திரித் தெருவில் கண் விழித்திருப்பது அவர்தான், முதலில் விரட்டப்படுவதும் அவர்தான். அவரை விரட்டிய பிறகு தெரு இருட்டாகிறது; இருட்டானதும், ஆம்பளைகளே போகப் பயப்படுகிற இடம் என்ற பெயர் கிடைக்கிறது; அந்தப் பெயரை வைத்து அடுத்த முறை இன்னும் சீக்கிரம் அடைக்கிறோம்.

நம்பரை வைத்துப் பேசலாமே என்று என்னைப் போன்ற பொறியியல்காரர்கள் சொல்வார்கள். நானும் தேடிப் பார்த்தேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை 2016 முதல் இருபது லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 19 பெருநகரங்களைத் தனியாக அட்டவணைப்படுத்துகிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் உண்டு. மதுரை இல்லை. இந்தியாவின் மிகப் பிரசித்தமான அருவாள் நகரத்துக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரிசைகூடக் கிடையாது. இருந்தாலும் அதை வைத்து ரொம்பவும் பேசிவிட முடியாது, புகார் வாங்குகிற ஸ்டேஷன் உள்ள ஊரில் குற்றம் கூடுதலாகத்தான் தெரியும்.

சரி, அந்த நகர மையத்தில் சமீப காலத்தில் ஜனங்கள் எதனால் செத்தார்கள்? 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயிலில் கிழக்குக் கோபுரம் பக்கமிருந்த கடைகளில் பிடித்த தீ வீரவசந்தராயர் மண்டபத்தைச் சிதைத்தது. உயிர் போகவில்லை என்பது நேரத்தின் புண்ணியம், அதே தீ சாயங்காலம் பிடித்திருந்தால் நினைக்கவே முடியவில்லை. 2020 தீபாவளியன்று அதிகாலை விளக்குத்தூண் அருகே ஒரு பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக்கடை எரிந்தது. அணைக்கப்போன தீயணைப்பு வீரர்கள் இருவர் கட்டடம் இடிந்து அதற்குள்ளேயே இறந்தார்கள். 2022 சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இருவர் இறந்தார்கள். 2024 செப்டம்பரில் பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மகளிர் விடுதியில் விடியற்காலையில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்ததில் பெண்கள் இறந்தார்கள்.

இந்த நான்கில் ஒன்றிலும் அருவாள் இல்லை. குறுகிய சந்து, ஒரே ஒரு மாடிப்படி, பண்டிகைக்காக அடைத்து வைத்த சரக்கு, ஓட்டை ஒயரிங், கூட்டம் வெளியேற வழியில்லாத தடுப்பு. விளக்குத்தூணைச் சுற்றி நின்று ஜிகர்தண்டா குடித்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தெருக்களில் தலைக்கு மேலே எத்தனை கம்பிகள் போகின்றன என்று. ரவுடிக்குப் பயந்து ராத்திரி மாசி வீதிக்குப் போகாத அப்பாக்கள், மகள் தங்கும் விடுதியில் இரண்டாவது வாசல் இருக்கிறதா என்று கேட்பதில்லை. 'செக்யூரிட்டி உண்டா, கேமரா உண்டா, எத்தனை மணிக்கு கேட் பூட்டுவாங்க?' என்றுதான் கேட்பார்கள். பூட்டிய கேட் யாரிடமிருந்து காக்கிறது என்பதில் நம் மனதில் உள்ள படம் முத்துப்பாண்டியின் படம். தீப்பிடித்தால் அதே பூட்டு என்ன செய்யும் என்பதற்கு நம்மிடம் படமே கிடையாது. பெயர் நம் பயத்தின் முகவரியை மாற்றிவிட்டது. இந்த வகைப் படங்களின் மேல் எனக்குள்ள கோபம் இதுதான், ஊர்ப் பெருமைக்குப் பங்கம் வந்த கோபம் இல்லை. அந்தப் பெருமைக்கு நான் வக்காலத்து வாங்கவும் தயாரில்லை. கீழவளவிலும் மேலவளவிலும் கேட்டால் ஊர்ப் பெருமையின் கணக்கை வேறு மாதிரிச் சொல்வார்கள்.

இப்படியொரு படத்தைத் தமிழில் எடுக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. வசந்தபாலன் 2010இல் 'அங்காடித் தெரு' எடுத்தார். சென்னை ரங்கநாதன் தெரு, தெற்கிலிருந்து போன பிள்ளைகள், பகல் முழுக்க நின்றே பார்க்கும் வேலை, கைநீட்டும் கண்காணிப்பாளர், வரிசையில் நின்று சோறு, தரையில் நெருக்கிப் படுக்கும் விடுதி. நின்றுகொண்டே வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழகத்தில் சட்டம் வர 2021 ஆனது. அந்தப் படம் அதற்குப் பதினொரு வருடம் முன்னாலேயே அவர்களுடைய கால்களை அருகில் வைத்துக் காட்டியிருந்தது. அதில் மிகக் கொடூரமான காட்சி கண்காணிப்பாளரின் அடி இல்லை. கடையை விட்டு வெளியேறி, நடைபாதையில் படுத்திருக்கும்போது லாரி ஒன்று ஏறிக் கனியின் கால்கள் போகின்றன. அந்த லாரியை ஓட்டியவனின் முகம் எனக்கு ஞாபகமில்லை. யாரும் பழிவாங்கப் புறப்படவும் இல்லை. படம் வெளியான நாட்களில் என்னோடு பார்த்த நண்பன், "கடைசில தேவையில்லாம சோகத்தச் சேத்துட்டாரு" என்றான். எனக்கோ அந்தப் படத்திலேயே அந்தக் காட்சிதான் மிகச் சரியான நகர அறிக்கை. தூங்க இடமில்லாதவர்கள் எங்கே தூங்குகிறார்கள், அங்கே எது வரும் என்பதை அது சொல்லிவிட்டது.

தங்கம் தியேட்டர் நின்ற இடத்தில் இப்போது இருப்பதும் ஒரு ஜவுளிக்கடைதான். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மாசி வீதிகளின் கடைகளில் ராத்திரி பத்து, பதினொன்று வரை வியாபாரம் நடக்கும். கல்லாவைப் பூட்டிய பிறகு, விரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கிவிட்டு அந்தப் பெண்கள் வெளியே வருவார்கள். சிலர் விடுதிக்கு, சிலர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க. நாலைந்து பேராகச் சேர்ந்து வேகமாக நடப்பார்கள். வழியில் ஒரு இட்லிக் கடை திறந்திருந்தால் அங்கே கொஞ்சம் வேகம் குறையும்.